ஆய்வுக்கு உடன்படுதல்: தொண்டும் உரிமையும்

முன்னுரை

புதுவை நகரின் தென்பகுதியில், கழிமுகத்தை ஒட்டி, மீன்பிடித் துறைமுகமும் அலையாத்தி மரங்களும் சூழ அமைந்த ஊர் தேங்காய்த்திட்டு. அங்குள்ள நம் வீட்டுக் கதவை ஒரு மாலைப்பொழுதில் இளைஞர் ஒருவர் தட்டுகிறார் எனக் கொள்வோம். தாம் பல்கலைக்கழக ஆய்வாளர் என்கிறார். நம் உணவு, வருவாய், நோய் பற்றிச் சில வினாக்கள் கேட்க வேண்டும் என்கிறார். விரல் நுனியிலிருந்து ஒரு துளி இரத்தமும் வேண்டுகிறார். ‘நமக்கேன் வம்பு’ என்று கதவைச் சாத்துவதா? படித்தவர் கேட்கிறார் என்று எதையும் வினவாமல் கையெழுத்திடுவதா? இரண்டும் பொருந்தா என்பதே நம் கருத்து.

புதுவையின் இரவுக் குருதி

யானைக்கால் நோய் புதுவையை நெடுங்காலம் வாட்டிய நோய். தேங்கிய அழுக்கு நீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசு இதனைப் பரப்புகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் 1975ஆம் ஆண்டில் புதுவையில் வெக்டர் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தைத் தொடங்கியது. 1981 முதல் 1985 வரை அம்மையம் நகர் முழுவதும் கொசுக் கட்டுப்பாட்டுத் திட்டம் ஒன்றை நடத்தியது.

இந்நோயின் நுண்புழுக்கள் பகலில் நுரையீரல் நாளங்களில் தங்கி, இரவில்தான் புறக்குருதியில் மிகுதியாக உலவுகின்றன. ஆகவே இந்நோயை ஆராய்வோர் மக்கள் உறங்கும் வேளையில் வீடு வீடாகச் செல்ல வேண்டியிருந்தது. துயில் கலைந்து எழுந்து விரலை நீட்டியவர்கள் இன்றி, கொசு குறைந்தால் நோய் குறையுமா என்ற வினாவுக்கு விடை கிடைத்திராது. அவர்தம் பெயர்கள் எந்நூலிலும் இல்லை. எனினும் ஆய்வின் ஒரு பாதி அவர்களுடையது.

சென்னை உலகுக்குத் தந்த விடை

காசநோயாளி சானடோரியத்தில் தங்கினாலன்றிக் குணமடையார் என்று உலகம் நம்பியிருந்த காலம் ஒன்றுண்டு. ஏழை நாடுகளிலோ போதிய படுக்கைகள் இல்லை. 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், ஏறத்தாழ இருநூறு ஏழை நோயாளரைத் திருவுளச்சீட்டுப் போன்ற முறையில் இரு பிரிவாக்கியது. ஒரு பிரிவினர் சானடோரியத்திலும் மறு பிரிவினர் நெருக்கடி மிகுந்த தத்தம் வீடுகளிலும் ஒரே மருந்துகளை ஓராண்டு உண்டனர். நல்லுணவும் ஓய்வும் குறைந்திருந்தும், வீட்டிலிருந்தோர் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமுற்றனர். 1959இல் வெளியான இம்முடிவு உலகெங்கும் காசநோய் மருத்துவத்தின் போக்கையே மாற்றியது.

எல்லா ஆய்வும் விரும்பிய விடையைத் தருவதில்லை. செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968இல் தொடங்கி, இலட்சக்கணக்கானோர் பங்குகொண்ட பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு, பெரியோருக்கு வரும் நுரையீரல் காசநோயை அவ்வூசி தடுக்கவில்லை என்று காட்டியது. ‘இல்லை’ என்ற விடையும் அறிவே. ஆய்வில் சேர்வோர் தமக்கே பயன் கிட்டும் என்று எதிர்பார்த்துச் சேர்தல் கூடாது என்பதும் இதனால் விளங்கும்.

அச்சத்தின் வேர்

மக்கள் அஞ்சுவதற்கும் காரணம் உண்டு. அமெரிக்காவின் டஸ்கிகீயில் 1932 முதல் 1972 வரை கறுப்பின ஏழைகள் சுமார் நானூறு பேரின் மேகநோய், உண்மை மறைக்கப்பட்டு, மருந்து கிடைத்த பின்னரும் மருத்துவமின்றி வெறுமனே கவனிக்கப்பட்டது. நியூரம்பர்க் நெறி (1947), ஹெல்சிங்கி அறிக்கை (1964) ஆகியன, மனிதரை அவர் அறியாமல் ஆய்வுப் பொருளாக்குதல் தகாது என வரையறுத்தன. நம் நாட்டில் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் 1980இல் தன் முதல் அறநெறி அறிக்கையையும், 2017இல் விரிவான நெறிமுறைகளையும் வெளியிட்டது.

நாம் கேட்க வேண்டியவை

ஆய்வின் நோக்கம் யாது? நேரக்கூடிய தீங்கு எது? நம் விவரங்கள் எவ்வாறு காக்கப்படும்? அறநெறிக் குழு இசைவு தந்துள்ளதா? இவற்றுக்கு விடை, நமக்குத் தெரிந்த மொழியில் எழுதிய தகவல் தாளில் இருத்தல் வேண்டும். எழுத்தறியாதவருக்கு நடுநிலைச் சாட்சி ஒருவர் முன்னிலையில் படித்துக் காட்டிய பின்னரே கைரேகை பெறலாம். ஒப்புதல் தந்த பின்னும் எப்போது வேண்டுமாயினும் விலகலாம்; அதனால் வழக்கமாகப் பெறும் மருத்துவம் குறைதல் கூடாது. மருந்து ஆய்வினால் தீங்கு நேரின் இலவச மருத்துவமும் இழப்பீடும் உண்டென 2019ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன.

மாணவர்கள் ஒன்றை உளங்கொள்ள வேண்டும். ஆசிரியரே ஆய்வாளராக வரும்போது மறுத்தால் மதிப்பெண் குறையுமோ என்ற அச்சம் எழும். அவ்வச்சத்தில் பிறந்த இசைவு இசைவாகாது. நாளை நாமே வினாத்தாளுடன் பிறர் வாசலில் நிற்கும்போதும் இதனை மறத்தலாகாது.

முடிவுரை

ஆய்வுக்கு உடன்படுதல் முகமறியா மனிதருக்குச் செய்யும் தொண்டு. வினவிய பின் உடன்படுதல் நம் உரிமை. தேங்காய்த்திட்டின் கதவு தட்டப்படும்போது நாம் கதவைத் திறப்போம். வந்தவரை அமரச் செய்வோம். அவர் வினாக்களுக்கு முன் நம் வினாக்களைக் கேட்போம். தக்க விடை கிடைப்பின் விரலை நீட்டுவோம்.