கதைமாந்தருக்கும் வயதாகும்

"கதைமாந்தரின் பண்புநலன்களை எழுதுக." விரிவானப் பகுதியில் நாம் அடிக்கடி கேட்கும் வினா இது. விடைத்தாள்களில் வரும் பதில்களும் நமக்குப் பழகியவைதான்: அன்பானவர், நேர்மையானவர், பிறருக்கு உதவும் குணம் உடையவர். பெயரை மட்டும் மாற்றினால் அதே விடை வேறு எந்தக் கதைக்கும் பொருந்திவிடும். சொந்தமாகக் கதை எழுதச் சொன்னாலும் இதே நிலைதான். ஏழை விவசாயி, பேராசைக்காரப் பணக்காரர், மனம் திருந்திய திருடன் ஆகியோரே திரும்பத் திரும்ப வருகிறார்கள்.

நம் மாணவர்களுக்கு மனிதர்களைத் தெரியாதா? நன்றாகவே தெரியும். பேருந்து நடத்துநர் எப்படிச் சில்லறை கேட்பார் என்பதை நடித்துக் காட்டும் குழந்தைகள்தானே இவர்கள்! தெரிந்ததைத் தாளுக்குக் கொண்டுவரும் வழிதான் அவர்களுக்குப் புலப்படவில்லை. அந்த வழியை வெளிப்படையாகச் சொன்ன நாவலாசிரியர்களுள் ஒருவர் ஆங்கிலேயரான ஆந்தனி டிராலப் (1815–1882). அவர் மறைந்த பின் 1883இல் வெளியான தன்வரலாற்று நூலில், மாந்தரை வளர்ப்பது பற்றியும் தொடர் நாவல்கள் எழுதியது பற்றியும் விரிவாகப் பேசியிருக்கிறார்.

அலுவலகம் செல்லும் முன் மூன்று மணி நேரம்

டிராலப் முழுநேர எழுத்தாளராக வாழ்வைத் தொடங்கியவர் அல்லர். 1834இல் அஞ்சல் துறையில் சேர்ந்து 1867 வரை பணியாற்றிய அரசு ஊழியர். 1852இல் ஜெர்சி தீவில் சாலையோரத் தூண் அஞ்சல் பெட்டிகள் வைக்கப்பட்டதற்கு இவரது பரிந்துரையே காரணம். பணியில் இருந்துகொண்டே எழுதத் தொடங்கிய இவர், வாழ்நாளில் எழுதி முடித்தவை 47 நாவல்கள்.

காலை 5.30 மணிக்கு எழுத்து மேசையில் அமர்ந்துவிடுவார். எழுப்பிவிடுவதற்கென்றே ஒரு வேலையாளுக்கு ஆண்டுக்கு 5 பவுண்டு கூடுதலாகக் கொடுத்தார். முதல் அரை மணி நேரம் முந்தைய நாள் எழுதியதைப் படிப்பார். பிறகு கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 சொற்கள் என்று எழுதுவார். அன்றன்று எழுதிய பக்க எண்ணிக்கையை ஒரு குறிப்பேட்டில் பதிவு செய்வார். எழுத்து என்பது திடீரென்று வரும் வரம் என்று எண்ணும் மாணவர்களுக்கு இந்தச் செய்தியே ஒரு பாடம்.

திட்டமிடாமல் பிறந்த தொடர்

ஒரு கோடைக்கால மாலையில் சாலிஸ்பரி நகரத்துப் பேராலயத்தைச் சுற்றி நடந்தபோது டிராலப்புக்கு ஒரு கதை தோன்றியது. அதுவே 1855இல் 'தி வார்டன்' என்ற சிறிய நாவலாக வந்தது. தொடர் எழுதும் எண்ணம் அப்போது அவருக்கு இல்லை. ஆனால் அந்த மாந்தர்கள் அவரை விடவில்லை. 1867க்குள் 'பார்செட்ஷயர்' என்ற கற்பனை மாவட்டத்தில் ஆறு நாவல்கள் நிகழ்ந்துவிட்டன.

நான்காவது நாவலான 'ஃப்ரேம்லி பார்சனேஜ்' எழுதும்போது அந்த மாவட்டத்துக்கு ஒரு வரைபடமே வரைந்துகொண்டார். சாலைகள், இரயில் பாதைகள், ஊர்கள், பெரிய வீடுகள் எல்லாம் அவர் மனத்தில் இடம் பெற்றிருந்தன. ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குப் போக எவ்வளவு நேரமாகும் என்பதை ஒரு நாவலில் ஒன்றாகவும் அடுத்ததில் வேறாகவும் எழுதினால் வாசகர் நம்பமாட்டார். தொடர் எழுதுபவருக்கு முதல் தேவை இந்த ஒத்திசைவு.

மாந்தரோடு வாழ்தல்

டிராலப்பின் பார்வையில் கதைப்பின்னலைவிட மாந்தரே முதன்மை. எழுத்தாளர் தம் மாந்தரோடு கூடவே வாழ வேண்டும். உறங்கப் போகும்போதும் விழிக்கும்போதும் அவர்கள் உடனிருக்க வேண்டும். அவர்களோடு வாதாடவும் சண்டையிடவும் வேண்டும் என்கிறார்.

இதன் தொடர்ச்சியாக அவர் சொல்லும் ஒரு கருத்து நமக்கு மிக முக்கியமானது. கதையில் ஒரு மாதம் கடந்தால் ஒவ்வொரு மாந்தருக்கும் ஒரு மாதம் வயது கூடியிருக்க வேண்டும் என்கிறார். அந்த ஒரு மாதம் அவரை எங்கேனும் சற்று மாற்றியிருக்கும். 'பாலிசர்' என்ற இன்னொரு ஆறு நாவல் தொடரில் இதைச் செய்து பார்த்தார். பிளாண்டஜெனட் பாலிசர், அவர் மனைவி கிளென்கோரா ஆகிய இருவரையும் இளமை முதல் பல ஆண்டுகள் தொடர்ந்தார். அடிப்படைக் குணம் அப்படியே இருக்க, காலம் அவர்களை எப்படி மாற்றுகிறது என்று காட்டுவதே நோக்கம். அத்தனை நாவல்களையும் வரிசையாக யார் படிக்கப்போகிறார்கள் என்ற ஐயமும் அவருக்கு இருந்தது. ஆனாலும் எழுதினார்.

வாசகர் கருத்து மாந்தரின் விதியை மாற்றிய நிகழ்வு ஒன்றையும் அவர் பதிவு செய்துள்ளார். இலண்டனில் அத்தீனியம் என்னும் மன்றத்தில் அவர் எழுதிக்கொண்டிருந்தபோது, பாதிரியார்கள் இருவர் அவருடைய கதைகளைப் பற்றிக் குறைபட்டுக்கொண்டிருந்தனர். பழைய ஆட்களையே திரும்பத் திரும்பக் கொண்டுவருகிறார் என்பது புகார். பேராயரின் அதிகாரம் மிக்க மனைவியான திருமதி பிரௌடியும் அதில் அடிபட்டார். டிராலப் எழுந்து சென்று தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டு, ஒரு வாரத்துக்குள் அந்த அம்மையாரின் கதையை முடித்துவிடுவதாகச் சொன்னார். தொடரின் கடைசி நாவலில் அப்படியே செய்தார். பின்னாளில் அதற்காகச் சில நேரம் வருந்தியதாகவும் எழுதுகிறார். அவ்வளவு காலம் பழகியவரை இழந்த வருத்தம் அது.

வகுப்பறையில் என்ன செய்யலாம்?

1. மாந்தர் குறிப்பேடு: 6 முதல் 8ஆம் வகுப்பு வரை ஒவ்வொரு மாணவரும் ஒரு கற்பனை மனிதரை உருவாக்கட்டும். பெயர், வயது, தொழில் என்பதோடு நிற்காமல் சில வினாக்களைக் கொடுப்போம். கோபம் வந்தால் என்ன செய்வார்? யாரிடம் மட்டும் குரலைத் தாழ்த்திப் பேசுவார்? சட்டைப் பையில் என்ன இருக்கும்? என் வகுப்பு மாணவி ஒருவர் உருவாக்கிய தையல்கார அக்கா, யார் வீட்டுக்குப் போனாலும் அங்கே பிரிந்த தையலைத்தான் முதலில் பார்ப்பார். 'உழைப்பாளி' என்ற சொல்லைவிட இந்த ஒரு வரி எவ்வளவு சொல்லிவிடுகிறது!

2. ஊர் வரைபடம்: குழுவாகச் சேர்ந்து ஒரு கற்பனை ஊரை வரையட்டும். பள்ளி, தேநீர்க் கடை, ஏரிக்கரை, பேருந்து நிறுத்தம் ஆகியவற்றுக்கு இடையிலான தொலைவையும் குறிக்கட்டும். 4, 5ஆம் வகுப்புக் குழந்தைகளுக்கு இதுவே போதுமான தொடக்கம். எழுதத் தயங்கும் குழந்தையும் வரைய முன்வரும். பிறகு வரைந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று சொல்லும்.

3. ஒரு மாதம் கழித்து: மாதம் ஒருமுறை குறிப்பேட்டைத் திறந்து, "உங்கள் ஆளுக்கு இந்த மாதம் என்ன நடந்தது? அதனால் எது மாறியது? எது மாறவில்லை?" என்று கேட்போம். ஐந்து வரி போதும். கல்வியாண்டின் முடிவில் ஒவ்வொருவரிடமும் ஒரு தொடர் இருக்கும்.

4. பாடநூல் மாந்தர்: 9, 10ஆம் வகுப்புகளில் விரிவானக் கதையின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு மாந்தர் எப்படி இருக்கிறார் என இரு பத்திகளாக எழுதச் சொல்லலாம். ஒவ்வொரு கருத்துக்கும் கதையிலிருந்து ஒரு செயலைச் சான்றாகக் காட்ட வேண்டும். இது தேர்வுக்கும் உதவும்.

இதை மற்றுமொரு பதிவேடாக மாற்றிவிடக் கூடாது. மதிப்பெண் வேண்டாம், சிவப்பு மை வேண்டாம். எழுத்துப்பிழைகளைத் தனியே ஒரு நாள் பார்த்துக்கொள்ளலாம். உண்மையான ஆட்களைக் கேலி செய்யும் மாந்தர்கள் வராமல் மட்டும் கவனிப்போம். தன் வீட்டுத் துயரத்தையே கதையாக எழுதும் குழந்தையும் இருக்கும். அதை வகுப்பில் வாசிக்க வைக்காமல் தனியே அழைத்துப் பேச வேண்டும். தேவையானால் உரிய உதவியும் கிடைக்கச் செய்ய வேண்டும். நல்ல படைப்புகளை அவர்களின் ஒப்புதலோடு 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' இதழ்களுக்கு அனுப்பலாம்.

நமக்கும் உரிய பாடம்

ஒரு மாதத்தில் மாந்தர் மாறாமல் இருக்க முடியாது என்ற டிராலப்பின் விதி, கதைக்கு மட்டும் உரியது அன்று. "இவன் கணக்கில் வரமாட்டான்", "இவள் பேசவே மாட்டாள்" என்று ஜூன் மாதத்தில் நாம் எழுதிவிடும் பண்புநலன், ஏப்ரல் வரை அப்படியே நிற்பதுண்டு. அடுத்த வகுப்பு ஆசிரியருக்கும் அதுவே கைமாறிப் போவதுண்டு. இடையில் அந்தக் குழந்தைக்குப் பத்து மாதம் வயது கூடியிருக்கிறது.

மாணவர்கள் மாதந்தோறும் குறிப்பேட்டைத் திறக்கும் அதே நாளில், வகுப்பில் நாம் அதிகம் கவனிக்காத ஐந்து பேரைப் பற்றி நாமும் அதே மூன்று வினாக்களைக் கேட்டுக்கொள்ளலாம். என்ன நடந்தது? எது மாறியது? எது மாறவில்லை? விடை தெரியவில்லை என்றால், மறுநாள் இடைவேளையில் அந்தக் குழந்தையிடம் இரண்டு நிமிடம் பேசினால் போதும்.