விழுந்தது குழந்தை, தலைகுனிய வேண்டியது அம்மாவா?

சோமனூரிலிருந்து மங்கலம் போகும் ரோட்டில் சாமளாபுரத்தைத் தாண்டும்போது முதலில் காதில் விழுவது தறிச் சத்தம்தான். இங்கே குடோனில் தார் சுற்றும் பெண்கள் உண்டு. பனியன் கம்பெனி வேனுக்காகக் காலையிலேயே ரோட்டோரம் நிற்கும் பெண்கள் உண்டு. வாசல் திண்ணையில் உட்கார்ந்து பீஸ் கணக்கில் பிசிறு வெட்டும் பெண்களும் உண்டு. ஒன்றரை ஷிப்ட் என்றால் காலை எட்டரைக்குப் போனவர் வீடு திரும்ப இரவு எட்டு, எட்டரை ஆகிவிடும். அதற்கு முன்னும் பின்னும் சமையல், துணி, தண்ணீர் பிடிப்பது எல்லாம் அவர் தலையில்தான்.

இந்த ஓட்டத்துக்கு நடுவில் குழந்தை கட்டிலிலிருந்து உருண்டுவிடும், காபி டம்ளரைத் தட்டிவிடும், கையில் கிடைத்த காசை வாயில் போட்டுக்கொள்ளும். உடனே வீட்டில் ஒரு குரல் எழும்: "ஏம்மிணி, குழந்தையைக்கூடப் பாக்காம என்னத்தப் பண்ணிட்டிருந்த?" பக்கத்திலேயே செல்போன் பார்த்துக்கொண்டிருந்த அப்பாவிடம் அந்தக் கேள்வி போகாது. அம்மாவுக்கும் தன்மேல்தான் கோபம் வரும். சில நாள் அழுது தீர்ப்பார். அடுத்த முறை ஏதாவது நடந்தால் யாருக்கும் தெரியாமல் மறைத்துவிடுவார்.

மறைப்பதில்தான் ஆபத்து இருக்கிறது. சின்னச் சின்ன விபத்துகளில் பெரும்பாலானவை தாமே சரியாகிவிடும். மீதிச் சிலவற்றில் குழந்தையைக் காப்பாற்றுவது, என்ன நடந்தது என்று அம்மா உடனே, உள்ளபடி சொல்லும் நாலு வார்த்தைதான்.

கட்டிலிலிருந்து விழுந்தால்

நாலு மாதத்துக்கு மேல் குழந்தை புரள ஆரம்பிக்கும். நேற்று வரை வைத்த இடத்தில் கிடந்த பிள்ளை இன்று விளிம்புக்கு வந்துவிடும். முதல் தடவை விழுவது அநேகமாக இப்படித்தான் நடக்கிறது.

அமெரிக்காவில் தலையில் அடிபட்டு, ஏறக்குறைய முழு நினைவோடு மருத்துவமனைக்கு வந்த 42,412 குழந்தைகளை ஆராய்ந்து 2009-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். அவர்களில் பெரிய மூளைக் காயம் இருந்தது நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. அதனால் விழுந்த குழந்தைக்கெல்லாம் ஸ்கேன் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் சில அறிகுறிகளைக் கண்டால் தாமதிக்கவே கூடாது. சிறிது நேரமாவது நினைவு தப்பியது, திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, எழுப்பினாலும் சரியாக விழிக்காத தூக்கம், காது மூக்கிலிருந்து ரத்தமோ தண்ணீர் போன்ற திரவமோ வடிவது, தலையின் பக்கவாட்டிலோ பின்புறமோ மெத்தென்ற வீக்கம், வழக்கத்துக்கு மாறான நடவடிக்கை ஆகியவை அவை. இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தை மூன்றடிக்கு மேலான உயரத்திலிருந்து விழுந்தாலும் டாக்டரிடம் காட்டிவிடுவது நல்லது. மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தை என்றால் எந்த உயரமானாலும் காட்டவேண்டும்.

சக்கரம் வைத்த வாக்கரை வாங்காதீர்கள். படியில் உருளும் விபத்துகள் பெருகியதால் கனடா 2004-லேயே அதைத் தடை செய்துவிட்டது. அது நடையைச் சீக்கிரம் கற்றுத்தருவதும் இல்லை. நம் ஊர் மரத்து நடைவண்டி வேறு. குழந்தை நிற்கக் கற்ற பிறகு தானே பிடித்துத் தள்ளுவது அது.

நூல் சுற்றிய விரல்

நூல் புரளும் ஊரில் உள்ள அம்மாக்கள் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டியது ஒன்று. குழந்தை நிறுத்தாமல் வீறிட்டு அழுகிறது. பால் கொடுத்தாயிற்று, துணி மாற்றியாயிற்று, வயிற்றுக்கு ஓமத்தண்ணீரும் கொடுத்துப் பார்த்தாயிற்று. அழுகை அடங்கவில்லை. அப்போது சாக்ஸையும் கையுறையையும் கழற்றி, வெளிச்சத்தில் கால் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். ஒரு நூல் இழையோ தலைமுடியோ விரலைச் சுற்றி இறுகியிருக்கலாம். சுற்றிய இடத்தில் மெல்லிய பள்ளம் தெரியும். அதற்கு மேல் விரல் நுனி சிவந்து, உப்பி, போகப்போக நீலம் பாரிக்கும். கை விரல்களையும் ஆண் குழந்தை என்றால் பிறப்புறுப்பையும் விடாமல் பார்க்கவேண்டும்.

பிரசவமாகி மூன்று மாதம் ஆகும்போது அம்மாவுக்கு முடி கொட்டுவது இயல்பு. பிசிறு வெட்டும் வீட்டில் நூல் துணுக்கு உடுப்பில் ஒட்டாமல் இருக்காது. இரண்டுமே அம்மாவின் அலட்சியத்தால் வருவதில்லை. இழையின் முனை தெரிந்தால் மெதுவாக வெட்டி எடுக்கலாம். சதைக்குள் புதைந்திருந்தால் தோண்டாமல் உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டும். சில மணி நேரத்துக்கு மேல் ரத்த ஓட்டம் நின்றால் விரலுக்கே ஆபத்து. சாக்ஸ், கையுறையை மாட்டும் முன் உள்பக்கம் திருப்பிப் பிசிறைக் கத்தரித்துவிடுங்கள். வேலை முடிந்து வந்ததும் உடுப்பை மாற்றிவிட்டுக் குழந்தையைத் தூக்கினால் இன்னும் நல்லது.

சூடு, கடலை, காசு, எண்ணெய்

சூடான காபியோ குழம்போ பட்டால், ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் அந்த இடத்தைக் காட்டுங்கள். சுட்டு மூன்று மணி நேரம் வரை இதனால் பலன் உண்டு. ஐஸ் வேண்டாம். பற்பசை, பேனா மை, மாவு, மஞ்சள் எதையும் பூசக்கூடாது. பூசினால் டாக்டர் அதைச் சுரண்டித்தான் காயத்தைப் பார்க்கவேண்டிவரும். முகம், கை, பிறப்புறுப்பில் பட்டாலோ, குழந்தையின் உள்ளங்கை அளவைவிடப் பெரிய காயம் என்றாலோ மருத்துவமனைதான்.

கொங்கு வீடுகளில் நிலக்கடலை இல்லாத நாள் குறைவு. நாலு வயதுக்குள் முழுக் கடலை கொடுக்காதீர்கள். அரைத்தோ பொடித்தோ கொடுங்கள். தொண்டையில் சிக்கி, இருமவும் அழவும் முடியாமல் குழந்தை திணறினால், ஒரு வயதுக்குட்பட்டவரை முன்கையில் குப்புறக் கிடத்தித் தலையைத் தாழ்த்தி, தோள்பட்டைகளுக்கு நடுவே ஐந்து தட்டு தட்டுங்கள். பிறகு மல்லாத்தி, மார்பின் நடுவே ஐந்து முறை அழுத்துங்கள். அடைப்பு விலகும்வரை மாறி மாறிச் செய்துகொண்டே 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள். வாய்க்குள் கண்மூடித்தனமாக விரலை விடாதீர்கள். பொருள் இன்னும் உள்ளே போய்விடும்.

காசு விழுங்கினால் அழுகை ஓய்ந்தாலும் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். பெரும்பாலும் மலத்தோடு வந்துவிடும். ஆனால் உள்ளே போனது காசா, பொம்மையிலோ ரிமோட்டிலோ இருக்கும் பட்டன் பேட்டரியா என்ற சந்தேகம் இருந்தால் ஒரு நிமிடமும் பொறுக்காதீர்கள். உணவுக்குழாயில் சிக்கிய பட்டன் பேட்டரி இரண்டு மணி நேரத்திலேயே சதையை அரித்துவிடும்.

தையல் மெஷின் எண்ணெய், மண்ணெண்ணெய், கொசு விரட்டித் திரவம் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தியின்போது நுரையீரலுக்குள் போனால்தான் பெரிய கேடு. பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

சில நாளுக்கு ஒருமுறை வரும் குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைக்கும் வாளியையும் டிரம்மையும் மூடிவையுங்கள். தவழும் குழந்தை தலைகீழாக விழுந்தால் வாளியில் அரையடித் தண்ணீரே போதும், மூச்சு நின்றுவிடும்.

மருந்து மாறிப்போனால்

காய்ச்சலுக்குக் கொடுக்கும் பாராசிட்டமால் சொட்டு மருந்தில் பொதுவாக ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம் இருக்கும். அதே மருந்தின் சிரப்பில் 5 மில்லிக்கு 120 அல்லது 250 மில்லிகிராம்தான். சிரப் என்று நினைத்துச் சொட்டு மருந்தை 5 மில்லி கொடுத்தால் 500 மில்லிகிராம் போய்விடும். எட்டு கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு தடவைக்குத் தேவை 80 முதல் 120 மில்லிகிராம்தான்.

நடு ராத்திரியில் தூக்கக் கலக்கத்தில் இது யாருக்கும் நேரும். ஒரு தடவை நேர்ந்ததோடு போனால் பெரும்பாலும் உயிருக்கு ஆபத்து வராது. மூன்று நான்கு வேளை தொடர்ந்தால் கல்லீரல் பாதிக்கப்படும். முதல் நாள் குழந்தை சாதாரணமாகவே இருக்கும் என்பதுதான் இதில் சூழ்ச்சி. இதற்கு மாற்று மருந்து உண்டு. எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால் நன்றாக வேலை செய்யும். யாராவது திட்டுவார்களோ என்று காலைவரை வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்த நேரம் கையை விட்டுப் போய்விடும்.

மருந்தைப்போலத் தடுப்பூசியிலும் தவறு நேரும். ஷிப்ட்டால் தடுப்பூசித் தவணை தவறிவிட்டதா? முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அட்டையை எடுத்துக்கொண்டு புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள்.

டாக்டரிடம் மறைக்காதீர்கள்

குழந்தைகள் உடுப்பு தைக்கும் ஏற்றுமதிக் கம்பெனியில் ஊசி உடைந்தால் என்ன நடக்கும் என்று இங்குள்ள டெய்லர்களுக்குத் தெரியும். உடைந்த துண்டுகளைத் தேடி எடுத்து, நோட்டில் ஒட்டி, தேதியும் மெஷின் நம்பரும் எழுதிக்கொடுத்தால்தான் புது ஊசி. ஒரு துண்டு கிடைக்காவிட்டாலும் அங்கே கிடக்கும் பீஸ்களைத் தனியே ஒதுக்கி மெட்டல் டிடெக்டரில் ஓட்டுவார்கள். யார் உடைத்தது என்ற பேச்சு அப்புறம், துண்டு எங்கே என்பதுதான் முதல். முகம் தெரியாத ஏதோ நாட்டுக் குழந்தைக்காகக் கம்பெனியில் கடைப்பிடிக்கும் இந்த ஒழுங்கை நம் வீட்டுக் குழந்தைக்கும் கொண்டுவரலாம்.

எத்தனை மணிக்கு நடந்தது, எவ்வளவு உயரம், தரை சிமெண்டா பாயா, என்ன விழுங்கியது, எவ்வளவு, அதற்குப் பிறகு என்ன கொடுத்தீர்கள் என்பதைச் சொல்லிவிடுங்கள். கடலை தின்னும்போது புரையேறியது என்ற ஒரு வரியைச் சொல்லாததால், மூச்சுக்குழாயில் கடலை இருந்தும் வாரக்கணக்கில் சளிக்கும் வீசிங்குக்கும் மருந்து சாப்பிடும் குழந்தைகள் உண்டு. அந்த ஒரு வரியைச் சொன்னால் டாக்டர் வேறு விதமாகத் தேடுவார்.

போதுமான அம்மா

இங்கிலாந்தின் குழந்தை மருத்துவரும் மனநல அறிஞருமான டொனால்ட் வின்னிகாட், குறையே இல்லாத அம்மா குழந்தைக்குத் தேவையில்லை, போதுமான அளவு நல்ல அம்மா போதும் என்று 1950-களில் எழுதினார். அம்மா சிறிது சிறிதாகத் தவறுவதைத் தாங்கித்தான் குழந்தை உலகத்துக்குப் பழகுகிறது என்பது அவர் கருத்து. பிற்பாடு அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டிரானிக் அம்மாக்களையும் கைக்குழந்தைகளையும் படம் பிடித்து நொடி நொடியாகப் பார்த்தார். நன்றாக வளரும் குழந்தைகளிடம்கூட, அம்மாவும் பிள்ளையும் ஒத்துப்போன நேரம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். மீதி நேரமெல்லாம் விலகுவதும் திரும்பச் சேர்வதுமாகவே கழிந்தது. அப்படித் திரும்பச் சேர்வதில்தான் நம்பிக்கை வளர்கிறது என்றார்.

அதனால் அசதியில் கத்திவிட்டால் பரவாயில்லை. தூக்கி அணைத்து, "அம்மா கத்திட்டேன் கண்ணு, பயந்துட்டியா?" என்று கேளுங்கள். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். அழுகை தாங்காமல் கைக்குழந்தையைப் பிடித்துக் குலுக்கக்கூடாது. மூளைக்குள் ரத்தம் கசியும். கோபம் தலைக்கேறினால் குழந்தையைப் பாயில் பத்திரமாகக் கிடத்திவிட்டு ஐந்து நிமிடம் வெளியே நில்லுங்கள்.

குற்றவுணர்வு நோயாகும்போது

இரண்டு நாள் வருந்துவது இயல்பு. இரண்டு வாரமாகியும் தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை, நான் இல்லாவிட்டால் குழந்தை நன்றாக இருக்கும் என்ற நினைப்பு வருகிறது என்றால் அது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம். இந்தியாவில் நடந்த 38 ஆய்வுகளைத் தொகுத்து 2017-ல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்த கட்டுரை, பிரசவித்த தாய்மாரில் சுமார் 22 சதவீதத்தினருக்கு இது இருப்பதாகக் கணித்தது. எடின்பரோவில் 1987-ல் உருவாக்கிய பத்துக் கேள்விப் பட்டியலை இதைக் கண்டுபிடிக்க உலகெங்கும் பயன்படுத்துகிறார்கள். காரியம் கெடும்போது தேவையில்லாமல் தன்னையே பழித்துக்கொள்கிறாரா என்பது அதில் ஒரு கேள்வி. இது திமிரும் இல்லை, சோம்பேறித்தனமும் இல்லை. ஆலோசனையாலும் மருந்தாலும் குணமாகும் நோய்.

வீடும் கம்பெனியும் செய்ய வேண்டியது

கட்டிலை எடுத்துவிட்டுத் தரையில் பாய் விரிப்பது அப்பாவும் செய்யக்கூடிய வேலை. ஊசி, பிசிறு கத்தரி, மெஷின் எண்ணெய் மூன்றுக்கும் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் ஒரு டப்பா வைக்கலாம். தறி ஓடும் இடத்துக்குக் குழந்தை போகாதபடி வாசலில் ஒரு தடுப்புக் கட்டை போடலாம். குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆத்தாவும் அம்முச்சியும் வயதானவர்கள். அவர்களையும் தனியே விடாமல், குழந்தையை அங்கன்வாடிக்கு அனுப்பிப் பாரத்தைக் குறைக்கலாம்.

50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்கவேண்டும், அம்மா நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்க்க அனுமதிக்க வேண்டும் என்று 2017-ல் மகப்பேறு சட்டத்தைத் திருத்தினார்கள். இது முதலாளி தரும் சலுகை இல்லை, கேட்டுப் பெற வேண்டிய உரிமை. பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்கிவிட்டு, குழந்தை விழுந்ததற்கு அம்மாவை மட்டும் கேள்வி கேட்பது நியாயமே இல்லை.

ஆம்புலன்சுக்கு 108. எந்த நேரமும் மருத்துவ ஆலோசனைக்கு 104. மனம் பாரமாக இருந்தால் 14416. குழந்தையை யாராவது துன்புறுத்துவதாகத் தெரிந்தால் 1098. நான்கும் இலவச எண்கள். ராத்திரியில் போக அருகிலுள்ள அரசு மருத்துவமனை பல்லடமா திருப்பூரா, யார் வண்டியில் போவது என்பதை இன்றைக்கே பேசி முடிவு செய்து, எண்களோடு சேர்த்துச் சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆத்தாவுக்கும் அதைப் படித்துக் காட்டிவிடுங்கள்.