தலைவர்களை எந்தத் தராசில் நிறுப்பது?

டி.எஸ். சேனாநாயக்கவை நாம் 'தேசபிதா' என்கிறோம். ஆனால் நான் வாழும் டிக்கோயாவின் தோட்டங்களில் அந்தப் பெயருக்கு வேறொரு நினைவும் உண்டு. சுதந்திரத்தையும் கல்லோயாத் திட்டத்தையும் தந்த அவரது அரசே, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் சுமார் 7 இலட்சம் மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது.

உலகின் முதல் பெண் பிரதமரான சிறிமாவோ 1964இல் சாஸ்திரியுடன் செய்த ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேருக்கு இங்கு பிரஜாவுரிமை வழங்கவும் வகை செய்தது. குடும்பங்கள் பிரிந்தன. 1983 ஜூலைக் கலவரத்தைத் தடுக்கத் தவறிய ஜே.ஆரின் ஆட்சியில்தான், 1988இல் நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டமும் வந்தது. எஞ்சியோருக்கு 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆகவே எந்தத் தலைவரையும் ஒரே சொல்லில் புகழவோ இகழவோ முடியாது.

முஸ்லிம்களாகிய நாம் கோட்டாபயவை 2020இன் கட்டாய ஜனாஸா எரிப்பை வைத்து அளக்கிறோம். அது நியாயமே. ஆனால் 1948ஐ மட்டும் 'தோட்டத்து மக்களின் பிரச்சினை' என்று கடந்துவிட்டால், நமது தராசும் கோணியதுதான். எதிர்த்து வாக்களிக்க இயலாதவர்களை ஒரு தலைவர் எப்படி நடத்தினார் என்பதையே முதலில் கேட்போம். நமது காயத்துக்கு மட்டும் நீதி கேட்பது நீதியாகாது.