கடைக்குக் கணக்கு உண்டு, உயில் உண்டா?

இரவு கல்லாவை எண்ணி, பேரேட்டை முடித்த பிறகே கடையைப் பூட்டுகிறோம். நமக்குப் பின் அந்தச் சாவி யாருக்கு என்று எழுதி வைத்திருக்கிறோமா?

இந்து வணிகர் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால், 1956ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படி அவர் சுயமாகச் சம்பாதித்த சொத்தில் தாய், மனைவி, மகன், மகள் அனைவருக்கும் சம பங்கு. கூடவே நின்று உழைத்த மகனுக்குக் கடை தானாக வந்துவிடாது. வங்கியில் குறித்த நாமினியும் பணத்தை வாங்குபவரே, உரிமையாளர் அல்லர். கூட்டு வியாபாரத்தில் ஒருவர் இறந்தால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாதவரை நிறுவனமே கலைந்துவிடும்.

உயிலுக்கு வெள்ளைத்தாளும் நம் கையொப்பமும் இரண்டு சாட்சிகளின் கையொப்பமும் போதும். பதிவு கட்டாயமில்லை, செய்தால் நல்லது. வரவேண்டிய கடனையும் தரவேண்டிய பாக்கியையும் கூடவே குறித்து வைப்போம். உயில் எழுதினால் ஆயுள் குறையாது. எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.