உப்புத்தண்ணியும் முடி கொட்டலும்

பெரியதாழையில் யாருக்கு முடி கொட்டினாலும் முதல் குற்றவாளி தண்ணீர்தான். கடலோர ஊர், நிலத்தடி நீர் உவர்ப்பு. சோப்பு நுரைக்காது, தலை குளித்தால் முடி நார் மாதிரி நிற்கும். வேடிக்கை என்னவென்றால், துபாய்க்குப் போன பையன்களும் "அங்க தண்ணி சரியில்ல" என்றுதான் சொல்கிறார்கள். அங்கே குழாயில் வருவது பெரும்பாலும் உப்பு நீக்கிய கடல்நீர்! இரண்டு கூட்டத்துக்கும் பொதுவாக இருப்பது இருபத்தைந்து, முப்பது வயது.

யோசித்துப் பாருங்கள். தண்ணீர் தலை முழுக்கத்தானே விழுகிறது? பிறகு ஏன் உச்சியும் நெற்றியோரமும் மட்டும் காலியாகி, காதோரமும் பிடரியும் அப்படியே இருக்கிறது? ஆண் வழுக்கைக்குக் காரணம் டெஸ்டோஸ்டிரோனிலிருந்து உண்டாகும் டி.எச்.டி. என்ற ஹார்மோன். பரம்பரையாக அதற்குப் பணிந்துபோகும் வேர்கள் உச்சியில்தான் அதிகம். ஒவ்வொரு சுற்றிலும் முடி மெலிந்து, கடைசியில் பூனைமயிராகிவிடும். (அம்மா வழித் தாத்தாவைப் பார் என்பார்கள்; அப்பா வழிக்கும் பங்கு உண்டு.)

தண்ணீரை முழுசாக விடுதலை செய்யவும் முடியாது. 2013இல் வெளியான கோயம்புத்தூர் ஆய்வு ஒன்றில், கடினநீரில் நனைத்த முடியின் வலிமை குறிப்பிடும்படி குறையவில்லை. பாகிஸ்தானில் பின்னால் செய்த ஆய்வில் குறைந்தது. ஆனால் இரண்டுமே முடி அறுவதைப் பற்றியவை. வேரோடு உதிர்வது வேறு சங்கதி. விழுந்த முடியின் ஒரு முனையில் வெள்ளையாய்ச் சின்னக் குமிழ் இருந்தால் அது வேரிலிருந்து வந்தது.

என் மதினிக்கு இரண்டாவது பிரசவம் முடிந்து நாலாம் மாதம் கொத்துக் கொத்தாகக் கொட்டியது. கேன் தண்ணீர் வாங்கித் தலை குளித்தார். தலையில் சுமார் 1 லட்சம் முடி. ஒவ்வொன்றும் 2 முதல் 6 வருடம் வளர்ந்து, ஏறக்குறைய 3 மாதம் ஓய்ந்திருந்து உதிரும். நாளுக்கு 50, 100 போவது சகஜம். பிரசவம், டெங்கு, பட்டினி என்று உடம்புக்கு ஓர் அதிர்ச்சி வந்தால் ஏராளமான முடி ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய், 2, 3 மாதம் கழித்து மொத்தமாகக் கொட்டும். அதற்குள் காய்ச்சலை மறந்திருப்போம், கண்ணெதிரே இருப்பது தண்ணீர். பெரும்பாலும் ஆறு மாதத்தில் தானாக நின்றுவிடும், கேனுக்கு நல்ல பெயர். மதினிக்கு நிற்கவில்லை. நடந்தாலே மூச்சு வாங்குது என்று ரத்தம் பார்த்தபோது ஹீமோகுளோபின் 8. இரும்புச்சத்து மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். அவர் அதுவரை கேனுக்குக் காசு கொடுத்துக்கொண்டிருந்தார். பெண்களுக்கு நீண்ட நாள் முடி கொட்டினால் ரத்தசோகை, தைராய்டு இரண்டையும் பார்க்காமல் எண்ணெய் மாற்றுவது வீண்.

புழுவெட்டு தனிக்கதை. அதில் புழுவே கிடையாது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி சொந்த வேரையே தாக்குகிறது. சின்ன வட்டம் என்றால் பலருக்கு ஒரு வருடத்துக்குள் தானே முளைக்கும், அதற்குள் தேய்த்த சின்ன வெங்காயம் பெயர் வாங்கிக்கொள்ளும். ஆனால் பிள்ளைகளுக்கு வட்டமாக முடி போய், அங்கே செதிலும் அரிப்பும் இருந்தால் அது பூஞ்சை. வெங்காயம் கேட்காது, மாத்திரைதான் வேண்டும். சீப்பு, துண்டு வழியாகப் பக்கத்துப் பிள்ளைக்கும் ஒட்டும்.