மரத்திலிருந்து விழுந்தவரின் முதுகெலும்பு

தென்னை மரத்திலிருந்து விழுகிறவருக்கு முதுகெலும்பு உடைந்தால், பெரும்பாலும் உடைவது நடுமுதுகு முடிந்து இடுப்பு தொடங்கும் இடத்தில்தான். பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கத்துத் தோப்புகளில் மரம் ஏறிப் பிழைப்பவர்கள் அதிகம் அஞ்ச வேண்டிய முறிவு இது. நடுமுதுகின் 12 எலும்புகளில் பெரும்பாலானவற்றை விலாக்கூடு இறுக்கிப் பிடித்திருக்கிறது. கீழே இருக்கும் 5 இடுப்பு எலும்புகள் வளைந்து கொடுப்பவை. இரண்டும் சந்திக்கும் இடத்தில் விழுந்த வேகமெல்லாம் இறங்கி, 12ஆம் நடுமுதுகு எலும்போ முதல் இடுப்பெலும்போ நசுங்குகிறது. தண்டுவடம் முடிவதும் ஏறக்குறைய அங்கேதான். சிதறிய எலும்புத் துண்டு பின்னால் தள்ளி அதை அழுத்தினால், கால்களின் அசைவோடு சிறுநீர், மலக் கட்டுப்பாடும் போய்விடக்கூடும்.

எல்லா முறிவுக்கும் கத்தி வைக்க வேண்டியதில்லை. எலும்பின் முன்பக்கம் மட்டும் லேசாக நசுங்கி, கால்கள் நன்றாக அசைந்தால் பெல்ட்டும் ஓய்வும் போதும். முதுகெலும்பை முன், நடு, பின் என மூன்று தூண்களாகப் பார்க்கும் முறையை 1983இல் டெனிஸ் என்ற மருத்துவர் வகுத்தார். அப்படிப் பார்க்கும்போது எலும்பு நிலைகுலைந்திருந்தாலோ, நரம்பு நசுங்கியிருந்தாலோதான் அறுவை சிகிச்சை.

நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து, உடைந்த எலும்புக்கு மேலும் கீழும் உள்ள எலும்புகளில் இருபுறமும் டைட்டானியம் திருகுகள் இறக்கப்படுகின்றன. திருகு போகும் எலும்புக் கழுத்து ஏறக்குறைய ஒரு பென்சில் பருமன்; அதன் உள்பக்கச் சுவரை ஒட்டியே தண்டுவடமும் நரம்புகளும். அதனால் துளை போட்டதும் மெல்லிய கம்பியை விட்டு, நாலு சுவரும் உடையாமல் இருக்கிறதா என்று மருத்துவர் தடவிப் பார்க்கிறார். எக்ஸ்ரே திரையிலும் சரிபார்த்த பிறகே திருகு இறங்கும். கடைசியில் இரண்டு கம்பிகள் எல்லாத் திருகுகளையும் இணைக்கின்றன. சாய்ந்த வாழைக்கு மூங்கில் முட்டுக் கொடுப்பது போலத்தான். எலும்பு கூடும் வரை பாரம் கம்பிக்கு.

அறுந்த தண்டுவடத்தை இந்தத் திருகுகள் ஒட்டவைக்காது. ஆனால் நோயாளி சில நாட்களில் எழுந்து உட்காரலாம், படுக்கைப்புண்ணுக்கும் நுரையீரல் சளிக்கும் தப்பலாம், பயிற்சியைத் தொடங்கலாம். கால் அசைவு திரும்பாவிட்டாலும் வாழ்க்கை முடிந்துவிடாது. 1954 விபத்தில் கால்கள் செயலிழந்த வேலூர் சி.எம்.சி. மருத்துவர் மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவை சிகிச்சை செய்தார். அவர் முயற்சியால் 1966இல் அங்கே மறுவாழ்வு நிலையம் எழுந்தது.

மரத்தடியில் விழுந்து கிடப்பவரைத் தூக்கி உட்காரவைக்காதீர்கள். பைக்கில் நடுவில் வைத்துக் கொண்டுபோகாதீர்கள். 108ஐ அழைத்துவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை அசைக்காமல் வையுங்கள். நகர்த்தியே தீர வேண்டுமென்றால் தலை, முதுகு, இடுப்பு மூன்றும் ஒரே கோட்டில் இருக்க, நாலு பேர் சேர்ந்து ஒரு பலகைக்கு மாற்றுங்கள்.