பிட்கொயின் நோடும் பூட்டிய போர்ட்டும்: பணம் கட்ட முன் பார்க்க வேண்டிய நான்கு இடங்கள்

நமது வர்த்தகர்களின் பிள்ளைகள் மத்தியில் அண்மைக் காலமாக ஒரு புதிய பழக்கத்தைக் காண்கிறேன். கடையில் ஒதுக்கி வைத்த பழைய கணனியைத் தூசு தட்டி, பெரியதொரு ஹார்ட் டிஸ்க் போட்டு, வீட்டு மூலையில் இரவு பகலாக ஓட விடுகிறார்கள். கேட்டால் "பிட்கொயின் நோட் ஓடுகிறது" என்கிறார்கள். இரண்டு வாரம் கழிய அடுத்த செய்தி வருகிறது. "வாப்பா, போர்ட் புளொக் ஆகியிருக்கு. ஸ்டெடிக் ஐபி எடுக்கணும், ரவுட்டர் மாத்தணும், ஆள் கூப்பிடணும்." வாப்பாவுக்கு விளங்குவது கடைசியில் சொல்லப்படும் தொகை மட்டும்தான்.

நானும் இரண்டு வருடமாக வீட்டில் இப்படியொரு நோடை ஓட்டி வருகிறேன். தெரிந்தவர்கள் சிலரின் வீட்டிலும் கடையிலும் இந்தப் பிரச்சினையைப் பார்த்துக் கொடுத்திருக்கிறேன். அநேகமாக எல்லா இடத்திலும் காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு சதமும் செலவாகவில்லை. ஆனால் காரணம் தெரியாமல் கதவைத் திறந்த ஓரிடத்தில் கடைக் கணக்கு முழுவதும் ஆபத்தில் கிடந்தது. இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அதுதான்.

நோட் என்றால் என்ன?

2009 ஜனவரியில் ஆரம்பித்த பிட்கொயினுக்குத் தலைமை அலுவலகம் கிடையாது. அதன் கொடுக்கல் வாங்கல் முழுவதும் பதியப்பட்ட பேரேடு உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணனிகளில் பிரதி பிரதியாக இருக்கிறது. அப்படியொரு பிரதியை வைத்துக்கொண்டு, வரும் ஒவ்வொரு பதிவையும் தானே சரிபார்க்கும் கணனிதான் நோட். அடுத்தவர் காட்டும் கணக்கை நம்பாமல் நமது கொப்பியை நாமே பார்ப்பது போன்றது. பேரேட்டின் அளவு இப்போது 600 ஜிபியைத் தாண்டிவிட்டது.

இரண்டு விடயங்களை முதலிலேயே சொல்லி விடுகிறேன். ஒன்று, பிட்கொயின் நோட் ஓட்டுவதால் வருமானம் எதுவும் கிடைக்காது. பணம் கிடைப்பது மைனிங் எனும் வேறு தொழிலில். "போர்ட்டைத் திறந்தால் மாதாந்தம் இவ்வளவு வரும்" என்று யாராவது சொன்னால் அவரிடமிருந்து விலகிக் கொள்ளுங்கள். இரண்டு, இலங்கை மத்திய வங்கி 2018 முதல் பல தடவைகள் மெய்நிகர் நாணயங்கள் தொடர்பில் பொதுமக்களை எச்சரித்துள்ளது. டெபிட், கிரெடிட் அட்டைகளை இதற்குப் பயன்படுத்த அனுமதியில்லை என 2021இல் பணிப்புரையும் வெளியானது. வாங்கல் விற்றல் பற்றி நான் இங்கு பேச வரவில்லை. பேசப்போவது கணனியும் கதவும் பற்றி மட்டுமே.

போர்ட்டும் வொச்சரும்

புறக்கோட்டையில் பல கடைகள் உள்ள ஒரு கட்டடத்தை எண்ணிப் பாருங்கள். கட்டடத்தின் முகவரி ஒன்று. உள்ளே கடை இலக்கங்கள் பல. இணையத்தில் ஐபி என்பது கட்டட முகவரி, போர்ட் என்பது கடை இலக்கம். பிட்கொயின் நோடின் வழமையான இலக்கம் 8333.

வாசலில் நிற்கும் வொச்சர்தான் ரவுட்டர். உள்ளே இருப்பவர் வெளியே போய் வர அவர் தடை சொல்ல மாட்டார். ஆனால் முன்பின் தெரியாத ஒருவர் வெளியிலிருந்து வந்து "8333க்குப் போக வேண்டும்" என்றால், முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தால் தவிர விட மாட்டார்.

பிட்கொயின் கோர் மென்பொருள் தானாகவே வெளியே போய் வழமையாக 10 நோடுகளுடன் தொடர்பு ஏற்படுத்திக்கொள்ளும். எட்டு முழுமையான தொடர்புகள், இரண்டு பேரேட்டுப் பக்கங்களை மட்டும் பரிமாறுபவை. வெளியிலிருந்து வருபவர்களையும் சேர்த்து உச்ச எல்லை 125. பியர்ஸ் எனும் பட்டியலில் வாரக்கணக்காக பத்துப் பதினொன்றே தெரிந்து, உள்வரும் தொடர்பு ஒன்றுகூட இல்லையென்றால் கதவு மூடியிருக்கிறது என்று அர்த்தம். புதிய நோட் என்றால் ஓரிரு நாட்கள் பொறுத்துப் பாருங்கள். நமது முகவரி வெளியே பரவச் சற்று நேரம் எடுக்கும்.

இங்கேதான் பலர் அறியாத ஒரு விடயம் இருக்கிறது. கதவு மூடியிருந்தாலும் உங்கள் நோட் தன் வேலையைக் குறைவின்றிச் செய்கிறது. பேரேடு வருகிறது, சரிபார்ப்பு நடக்கிறது. கதவைத் திறப்பது மற்றவர்களுக்குச் செய்யும் உதவி. புதிதாக வருபவர்கள் உங்களிடமிருந்து பிரதி எடுத்துக்கொள்வார்கள். அதற்கு உங்கள் டேட்டா செலவாகும். வேகமான இணைப்பில் மாதத்துக்கு 200 ஜிபி அல்லது அதற்கு மேலும் வெளியே போவது சாதாரணம் என பிட்கொயின் டொட் ஓர்க் தளத்தின் வழிகாட்டி கூறுகிறது. நமது பெக்கேஜ்களின் அளவோடு இதை ஒப்பிட்டுப் பார்த்து, தேவைதானா என முதலில் தீர்மானியுங்கள். தேவையென்றால் மாத்திரம் மேலே வாசியுங்கள்.

உள்ளிருந்து வெளியே: நான்கு இடங்கள்

முதலாம் இடம், மென்பொருள். விண்டோஸ் கணனியில் கமாண்ட் ப்ரொம்ப்ட் திரையைத் திறந்து நெட்ஸ்டாட் கட்டளையைக் கொடுத்தால், எந்தெந்த இலக்கங்களில் கணனி காது கொடுத்துக்கொண்டிருக்கிறது எனக் காட்டும். 8333க்கு நேரே லிசனிங் என்று இல்லாவிட்டால் கடையே திறக்கவில்லை. வாசலில் வொச்சரைத் திட்டிப் பயனில்லை. அந்த வரியில் 127.0.0.1 என்ற முகவரி மட்டும் இருந்தால், கணனி தன்னோடு மட்டும் பேசுகிறது என்று பொருள்.

இரண்டாம் இடம், கணனியின் ஃபயர்வோல். விண்டோஸ் ஒரு வலையமைப்பைப் பப்ளிக் அல்லது ப்ரைவேட் எனப் பிரித்து வைக்கும். ப்ரைவேட்டுக்குக் கொடுத்த அனுமதி பப்ளிக்கில் செல்லாது. வேறு அண்டிவைரஸ் போட்டிருந்தால் அதற்கும் தனியான ஃபயர்வோல் இருக்கலாம். ஒன்றைத் திறந்துவிட்டு மற்றதை மறந்து போவது வழக்கம்.

மூன்றாம் இடம், ரவுட்டர். போர்ட் ஃபோர்வடிங் எனும் பகுதியில், 8333க்கு வருபவரை உள்ளே எந்தக் கணனிக்கு அனுப்ப வேண்டும் என எழுதி வைக்க வேண்டும். அக்குறணையில் ஹார்ட்வெயார் கடை நடத்தும் ஒரு நானாவின் வீட்டில், நன்றாக ஓடிய நோடுக்கு ஒரு நாள் மின்வெட்டுக்குப் பின் யாரும் வரவில்லை. போய்ப் பார்த்தால், ரவுட்டர் மீண்டும் இயங்கியபோது கணனிக்கு 192.168.1.3 என்ற பழைய முகவரிக்குப் பதிலாக 192.168.1.7ஐக் கொடுத்திருக்கிறது. வருபவர்களை வொச்சர் பழைய அறைக்கே அனுப்பிக்கொண்டிருந்தார். இப்போது 3 என்ற முகவரியில் இருந்தது அவரது மகளின் கையடக்கத் தொலைபேசி! ரவுட்டரில் அந்தக் கணனிக்கென ஒரு முகவரியை நிரந்தரமாக ஒதுக்கி வைத்தோம். வேலை பத்து நிமிடம்.

கடைகளில் இன்னொன்றும் நடக்கிறது. சேவை வழங்குனர் தந்த ரவுட்டருக்குப் பின்னால், வைஃபை தூரம் போதாதென்று இன்னொரு ரவுட்டரைப் போட்டிருப்பார்கள். அப்போது வொச்சர் இருவர். இருவருக்கும் சொல்ல வேண்டும், அல்லது இரண்டாவதை வெறும் வைஃபை கொடுக்கும் பெட்டியாக மாற்றி விட வேண்டும்.

நான்காம் இடம், இணைய சேவை வழங்குனர். இதைப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். யாருக்கும் பணம் கொடுக்க முன் கட்டாயம் பாருங்கள். ரவுட்டரின் ஸ்டேடஸ் பக்கத்தில் வேன் ஐபி என்று ஒரு முகவரி இருக்கும். பிறகு, "எனது ஐபி என்ன" என்று காட்டும் ஏதாவதொரு இணையத்தளத்தைப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் உங்களுக்குச் சொந்த வாசல் உண்டு. வேறாக இருந்து, வேன் ஐபி 100.64க்கும் 100.127க்கும் இடையில் ஆரம்பித்தால் நீங்கள் இருப்பது பொது வாசலுக்குப் பின்னால். 10 என்று ஆரம்பித்தாலும் பெரும்பாலும் அதே கதைதான்.

இதற்குக் காரணம் முகவரிப் பற்றாக்குறை. பழைய முறையிலான ஐபி முகவரிகள் மொத்தம் சுமார் 429 கோடி. நமது ஆசிய பசிபிக் பிராந்தியத்துக்கு வழமையாகப் பகிர்ந்தளிக்க இருந்த கையிருப்பு 2011 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது. எனவே பல வாடிக்கையாளர்களை ஒரே முகவரிக்குப் பின்னால் நிறுத்தும் முறை வந்தது. மேலே சொன்ன 100.64 வரிசை 2012இல் இதற்கென்றே ஒதுக்கப்பட்டது. 4ஜி ரவுட்டர்களில் இது மிகவும் சாதாரணம்.

எனது வீட்டிலும் இதுதான் நிலைமை. சேவை வழங்குனரின் வாடிக்கையாளர் பிரிவுக்கு மூன்று தடவை அழைத்தேன். மூன்று தடவையும் "நாங்கள் எந்தப் போர்ட்டையும் புளொக் பண்ணவில்லை" என்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் எதையும் தடுக்கவில்லை, எனக்கென்று ஒரு வாசலே இல்லை, அவ்வளவுதான். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி வேறு. "எனது இணைப்பு சீஜிநெட்டுக்குப் பின்னால் இருக்கிறதா? எனக்கு ஒரு பப்ளிக் ஐபி தர முடியுமா? மாதாந்தம் எவ்வளவு?" என்று கேளுங்கள். இதையும் கவனியுங்கள்: நோடுக்கு ஸ்டெடிக் ஐபி தேவையில்லை. மாறிக்கொண்டிருக்கும் பப்ளிக் ஐபியே போதும். முகவரி மாறினால் நோட் புதியதைத் தானே அறிவித்துக்கொள்ளும்.

வெளியிலிருந்து தட்டிப் பாருங்கள்

கதவு திறந்ததா என்பதை அதே வீட்டு வைஃபையில் இருந்து சோதித்தால் பல ரவுட்டர்கள் பிழையான பதிலைத் தரும். கையடக்கத் தொலைபேசியில் வைஃபையை நிறுத்தி, மொபைல் டேட்டாவில் இருந்து சோதியுங்கள். பிட்நோட்ஸ் இணையத்தளத்தில் முகவரியையும் 8333ஐயும் கொடுத்தும் பார்க்கலாம்.

பதில் வரும் விதத்தையும் கவனியுங்கள். உடனடியாக மறுப்பு வந்தால், தட்டியது எங்கோ ஓரிடத்தைப் போய்ச் சேர்ந்திருக்கிறது, அங்கு கடை திறந்திருக்கவில்லை. பெரும்பாலும் மென்பொருள் ஓடவில்லை, அல்லது பிழையான அறைக்கு அனுப்பப்படுகிறது. நீண்ட நேரம் மௌனமாக இருந்து கைவிட்டால், ஃபயர்வோலோ ரவுட்டரோ சேவை வழங்குனரின் பொது வாசலோ வழியில் விழுங்கிவிட்டது. இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

எதேரியம் நோட் ஓட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கு வழமையான இலக்கம் 30303. டிசிபி, யுடிபி இரண்டையும் திறக்க வேண்டும். ஒன்றை மட்டும் திறந்துவிட்டு மற்றவர்கள் வரவில்லையே என்று காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

திறக்கவே கூடாதவை

கிழக்கில் புடவைக் கடை வைத்திருக்கும் ஒருவர், மகனின் நோடுக்காக ஒரு டெக்னீஷனை அழைத்தார். அவர் எந்தப் போர்ட் என்று தேடவில்லை. ரவுட்டரில் டிஎம்இசட் என்ற இடத்தில் அந்தக் கணனியைப் போட்டுவிட்டுக் கூலியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். நோடுக்கு ஆட்கள் வந்தார்கள். ஆனால் டிஎம்இசட் என்றால், வெளியிலிருந்து எந்த இலக்கத்தைக் கேட்டு வந்தாலும் அந்தக் கணனிக்கே அனுப்பு என்று வொச்சருக்குச் சொல்வதாகும். அதே கணனியில்தான் கடையின் பில்லிங் மென்பொருளும் கடன் கணக்கும் இருந்தன. வீட்டிலிருந்து பார்ப்பதற்காக ரிமோட் டெஸ்க்டொப்பும், அதாவது 3389 இலக்கமும், இயங்கிக்கொண்டிருந்தது. விண்டோஸின் பதிவேட்டைத் திறந்தபோது, யார் யாரோ பிழையான கடவுச்சொற்களைப் போட்டுப் பார்த்த பதிவுகள் வரிசையாக இருந்தன. கோப்புகளைப் பூட்டிக் கப்பம் கேட்கும் கூட்டங்கள் உள்ளே வரும் பிரதான வழிகளில் இந்த 3389ம் ஒன்று. அன்றே மூடினோம். அல்லாஹ்வின் உதவியால் எதுவும் போகவில்லை.

எனவே நினைவில் வையுங்கள். டிஎம்இசட் வேண்டாம். பிட்கொயினில் 8333ஐத் திறக்கலாம். 8332ஐத் திறக்கக் கூடாது, அது நோடுக்குக் கட்டளையிடும் வழி. எதேரியத்தில் 8545ம் அப்படியே. ரவுட்டரின் கடவுச்சொல் பெட்டியில் வந்ததாகவே இருந்தால் மாற்றுங்கள். மென்பொருள்கள் தாமாகவே கதவைத் திறந்துகொள்ள வழிவிடும் யுபிஎன்பி வசதியையும் நிறுத்தி வைப்பது நல்லது. பிட்கொயின் கோரே 2025இல் வெளிவந்த 29ஆம் பதிப்பில் அதைக் கைவிட்டுவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, கடைக் கணக்கு உள்ள கணனியில் நோடை ஓட்டாதீர்கள்.

வாசலே இல்லாதவர்களுக்கு

பப்ளிக் ஐபிக்கு மாதாந்தம் பணம் கட்ட விரும்பாதவர்களுக்கு டோர் எனும் இலவச மென்பொருள் இருக்கிறது. அது நமது பக்கத்திலிருந்து வெளியே போய் ஒரு வழியை ஏற்படுத்திக்கொண்டு, வருபவர்களை அதே வழியால் உள்ளே அழைத்து வரும். ரவுட்டரில் எதையும் திறக்க வேண்டியதில்லை, பொது வாசலும் தடையில்லை. பிட்கொயின் கோர் 2016 முதல் டோருடன் தானாகவே சேர்ந்து இயங்கக்கூடியது. எனது நோட் இன்று இவ்வழியிலேயே வெளியாரை வரவேற்கிறது. மேலதிகச் செலவு எதுவுமில்லை.

நோட் உங்களுக்குத் தேவைப்படாமல் போகலாம். ஆனால் கடைக் கெமராவை வீட்டிலிருந்து பார்க்க முடியவில்லை, கிளைக் கடையிலிருந்து பில்லிங் கணனிக்கு வர முடியவில்லை என்ற முறைப்பாடுகளுக்கும் அநேகமாக இதே நான்கு இடங்கள்தான் காரணம். டெக்னீஷன் ஒருவர் வந்து "போர்ட் புளொக்" என்று சொன்னால், "நான்கில் எந்த இடத்தில்?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவருக்கு மட்டும் கூலியைக் கொடுங்கள்.